பழைய பிக்கப் டிரக்குக்கு சஸ்பென்ஷனும் பிரேக்கும் மாத்தறது எப்படி: எது முதல்ல, எது அப்புறம்

50கள், 60கள்ல வந்த பிக்கப் டிரக் வெச்சிருக்கறவங்களுக்காக எழுதறேன். ஏணி மாதிரி இருக்கற லேடர் சேஸி, முன்னாடி ரெண்டு வீலையும் இணைக்கற ஒரே இரும்புத் தண்டு (ஐ-பீம் ஆக்சில்), நாலு பக்கமும் பட்டை அடுக்கின லீஃப் ஸ்பிரிங், நாலு வீல்லயும் டிரம் பிரேக், ஃப்ளோருக்கு கீழ ஒத்தை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிய ஃப்ளூயிட் பிரஷரா மாத்தற சிலிண்டர்), இதுதான் அந்தக் காலத்து பொதுவான அமைப்பு. 1963ல இருந்து வந்த செவர்லே சி10ல முன்னாடி காயில் ஸ்பிரிங் இருக்கும், 1965ல இருந்து ஃபோர்டு எஃப்-100ல ட்வின் ஐ-பீம் இருக்கும், ரெண்டுக்கும் பிரேக் பகுதி அப்படியே பொருந்தும், ஸ்பிரிங் பகுதியில வித்தியாசம் வரும். கிங் பின் (முன் வீல் இடது வலதா திரும்பறதுக்கு அச்சா இருக்கற பின்) பகுதி எஃப்-100க்கு பொருந்தும், அந்த சி10ல கிங் பின்னுக்கு பதிலா பால் ஜாயின்ட் இருக்கும்.

இந்த வேலைல புதுசா இறங்கறவங்க மாட்டிக்கறது ஸ்பேனர் பிடிக்கத் தெரியாததால கிடையாது, வரிசை தப்பறதாலதான். பார்ட் முடிவு பண்றதுக்கு ஒரு வரிசை, மாட்டறதுக்கு நேர் எதிர் வரிசை. முடிவு பண்ணும்போது வீல், பிரேக், அதுக்கப்புறம் ஸ்பிரிங். மாட்டும்போது ஸ்பிரிங், பிரேக், கடைசியா வீல். இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

1. எதையும் வாங்காதீங்க, முதல்ல அளவு எடுங்க

வண்டிய சமதளத்துல நிறுத்தி, டயர்ல சரியான காத்து அடிச்சு, நாலு பக்கமும் வீல் சென்டர்ல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதிக்கோங்க. இடதுக்கும் வலதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா ஒரு பக்க ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கு, இல்லைன்னா சேஸி முறுக்கிப் போயிருக்கு. சேஸி கோணலா இருந்தா புது ஸ்பிரிங் போட்டும் வண்டி சாய்ஞ்சுதான் நிக்கும், அதனால மூலைக்கு மூலை குறுக்கா அளந்து பார்த்துட்டு அடுத்த வேலைக்குப் போங்க.

அப்புறம் முன் வீல ஜாக்கி போட்டு தூக்கி, மேலயும் கீழயும் கையை வெச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க. பிரேக் பிடிச்சதும் ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங், நிக்கலைன்னா கிங் பின். இந்த ஒரு சோதனை எத்தனையோ தேவையில்லாத செலவை மிச்சம் பண்ணும்.

சேஸியில ஷேக்கிள் (ஸ்பிரிங் முனைய சேஸியோட இணைக்கற ஆடும் பட்டை) பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டற இடம், கிராஸ் மெம்பர் ரிவெட் எல்லாத்தையும் கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு விரிசல் இருக்கான்னு பாருங்க. துருவுக்கு மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க, ஒரு சின்ன சுத்தியலால தட்டினா சத்தத்துலயே தெரிஞ்சுடும்.

2. முடிவு பண்ற வரிசை: வீல், பிரேக், ஸ்பிரிங்

எந்த வீல் போடப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. காரணம் கேலிப்பர், அதாவது டிஸ்க் பிரேக்ல வீலோட சுத்தற தட்டை (ரோட்டர்) ரெண்டு பக்கமும் பிடிக்கற பகுதி. டிரம்முக்குன்னு செஞ்ச பழைய வீல் 15 இன்ச், 16 இன்ச்னு பேருக்கு பெருசா இருந்தாலும் உள்பக்கம் வளைஞ்சிருக்கற விதத்துல கேலிப்பர் இடிக்கலாம். டிஸ்க் பிரேக் கிட் வாங்கி, பழைய ஹப்பை கழட்டிப் போட்டு, எல்லாத்தையும் மாட்டி முடிச்சு கடைசியில வீல ஏத்தும்போது அது உட்காராம நிக்கறதை நான் ரெண்டு மூணு பேர் கிட்ட நேர்ல பார்த்திருக்கேன், பாவமா இருக்கும். கேலிப்பருக்கும் வீலுக்கும் நடுவுல குறைஞ்சது 3 மி.மீ இடைவெளி வேணும். சில கிட்ல ரோட்டர் வீல வெளியே தள்ளும், அப்போ ஸ்டியரிங்க முழுசா திருப்பினா டயர் ஃபெண்டர்ல உரசும், அதையும் கேட்டுட்டு வாங்குங்க.

அடுத்தது பிரேக். ரோட்டுல ஓட்டற வண்டிக்கு முன்னாடி டிஸ்க், பின்னாடி நல்ல நிலையில டிரம் போதும்ங்கறது என் முடிவு. பின்னாடியும் டிஸ்க் போட்டா பார்க்க நல்லா இருக்கும், ஆனா ஹேண்ட் பிரேக்குக்கு தனியா ஒரு ஏற்பாடு பண்ணணும், அதுல சொதப்பறவங்கதான் அதிகம். சி10லயே கம்பெனி முன் டிஸ்க்க ஸ்டாண்டர்டா குடுத்தது 1971 மாடல்லதான், அப்பவும் பின்னாடி டிரம்தான்.

மூணாவதா ஸ்பிரிங். வண்டி எவ்வளவு உயரத்துல நிக்கணும், லோடு ஏத்துவீங்களா இல்லையா, இந்த ரெண்டையும் நேர்மையா சொல்லிக்கோங்க. லோடே ஏத்தாத வண்டிக்கு தடிமனான பட்டைகள் அடுக்கின ஸ்பிரிங் இருந்தா காலி வண்டி ஒவ்வொரு குழியிலயும் துள்ளும், துள்ளற வீல் பிரேக் பிடிக்காது.

3. கைவசம் இருக்க வேண்டியது

நாலு நல்ல ஜாக் ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், பிரேக் லைன் நட்டுக்கான ஃப்ளேர் நட் ஸ்பேனர், டியூப் முனைய மடிச்சு விரிக்கற டபுள் ஃப்ளேர் டூல், டியூப் வளைக்கற பெண்டர், ஆங்கிள் பார்க்கற மீட்டர், துரு இளக்கற ஆயில். ஹைட்ராலிக் ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது, இதுல விவாதத்துக்கே இடமில்ல.

சாதாரண ஓபன் ஸ்பேனர் போட்டு பழைய பிரேக் நட்டை கழட்டினா முனை மழுங்கிடும், அதனாலதான் ஃப்ளேர் நட் ஸ்பேனர் கேக்கறேன். புதுசாவே வாங்க வேண்டியது ஸ்பிரிங்க ஆக்சிலோட சேர்த்துப் பிடிக்கற யூ போல்ட், ஸ்பிரிங்கோட சென்டர் போல்ட், ஸ்ப்ளிட் பின், எல்லா ரப்பர் ஹோஸ், காப்பர் வாஷர். யூ போல்ட் ஒரு தடவை டைட் பண்ணும்போதே இழுபட்டுடும், திரும்ப போட்டா சொன்ன டார்க்குக்கு பிடிக்காது.

4. பிரிக்கும்போது

ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துட்டு பிரிங்க, முக்கியமா பிரேக் ஷூ ஸ்பிரிங் எந்த ஓட்டையில மாட்டியிருக்குன்னு. ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பிரிக்காதீங்க, ஒண்ணை பிரிச்சா இன்னொன்னு பார்த்து மாட்டறதுக்கு இருக்கட்டும்.

பழைய ஷூ தூசியில ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரஸர் காத்தை அடிச்சு ஊதாதீங்க. தண்ணியோ பிரேக் க்ளீனரோ போட்டு ஈரமாக்கி துடைச்சு, அந்தத் துணிய கவர்ல கட்டிப் போடுங்க. முகத்துக்கு தூசிக்கான நல்ல மாஸ்க் போட்டுக்கோங்க.

சில பழைய டாட்ஜ் வண்டிகள்ல இடது பக்க வீல் நட்டு இடது த்ரெட். கழட்ட வரலைன்னு பைப் போட்டு மிதிக்கறதுக்கு முன்னாடி ஸ்டட் முனையில L-ங்கற எழுத்து இருக்கான்னு பாருங்க.

5. பின் ஆக்சில்

பின்னாடி ஆரம்பிங்க, ஏன்னா அது சுலபம், கை பழகும். சேஸிய ஸ்டாண்டுல நிறுத்தி, ஆக்சிலுக்கு தனியா ஜாக்கி குடுத்து, யூ போல்ட்ட கழட்டி, ஷேக்கிள்ல இருந்து ஸ்பிரிங்க இறக்குங்க. புது ஸ்பிரிங்ல இருக்கற சென்டர் போல்ட் தலை ஆக்சில் பேடோட குழியில சரியா உட்காரணும். உட்காராம யூ போல்ட்ட இறுக்கினா ஆக்சில் கோணலா நின்னு வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டுல போகும்.

ரப்பர் புஷ் போட்ட ஷேக்கிள் போல்ட்ட வண்டி அந்தரத்துல தொங்கும்போது முழுசா டைட் பண்ணாதீங்க. கையால போதுமான அளவு பிடிச்சு வெச்சுட்டு, வண்டி தன்னோட சொந்த எடையில நிக்கும்போது கடைசி டைட் குடுங்க. ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கித்தான் வேலை செய்யும். தொங்கற நிலையில இறுக்கிட்டா வண்டி தரையில இறங்கினதும் அது ஏற்கனவே பாதி முறுக்கி நிக்கும், உயரமும் தப்பா வரும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சும் போயிடும்.

தாழ்த்தறதுன்னா பின்னாடி ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல லோயரிங் பிளாக் போடலாம், ஒண்ணுக்கு மேல ஒண்ணு அடுக்கக் கூடாது, முன் ஆக்சில்ல போடவே கூடாது. ரொம்ப தாழ்த்தினா ஆக்சில் சேஸியில இடிக்கும், அதுக்கு ஆக்சிலுக்கு இடம் விட சேஸிய C வடிவத்துல வெட்டி (சி-நாட்ச்) வெல்டிங் பண்ணணும், அது அனுபவமுள்ள வெல்டர் செய்ய வேண்டிய வேலை.

உயரம் மாறினா பினியன் ஆங்கிளும் (பின் ஆக்சிலுக்குள்ள போற ஷாஃப்ட் சாய்ஞ்சிருக்கற கோணம்) மாறும். கியர் பாக்ஸ் அவுட்புட் எத்தனை டிகிரி கீழ சாய்ஞ்சிருக்கோ அத்தனை டிகிரி பினியன் மேல பார்த்து இருக்கணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா வரணும், ஒவ்வொரு யூ ஜாயின்ட்டும் 1ல இருந்து 3 டிகிரிக்குள்ள வேலை செஞ்சா நல்லது. அதிர்வு வருதேன்னு ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ட பேலன்ஸ் பண்ணிக்கிட்டே இருப்பாங்க, குத்தம் இந்த ஆங்கிள்ல இருக்கும்.

6. முன் ஆக்சில், கிங் பின், கேஸ்டர்

கிங் பின்ன ஸ்பிரிங் மாத்தறதோட சேர்த்து மாத்திடுங்க. பழைய பின் துருப்பிடிச்சு இறுகியிருந்தா வெறும் சுத்தியலால அடிச்சு ஆக்சில் முனைய பிதுக்கிடாதீங்க, முதல்ல லாக் பின்ன எடுத்தாச்சான்னு பாருங்க, எடுக்காமலேயே அரை நாள் அடிக்கறவங்க இருக்காங்க. புது புஷ்ஷ நக்கிள்ல (கிங் பின்ல மாட்டி வீலோட திரும்பற பகுதி) ஏத்தும்போது புஷ்ல இருக்கற க்ரீஸ் ஓட்டையும் நக்கிள் ஓட்டையும் நேர்ல வரணும். அப்புறம் ரீமர் போட்டு அளவு எடுக்கணும், மேல் கீழ் ரெண்டு புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டுல ரீம் பண்ணணும், அதுக்கான நீள ரீமர் இல்லைன்னா லேத் பட்டறையில குடுத்துடுங்க. பின் விரலால தள்ளினா வழுக்கிக்கிட்டு போகணும், ஆனா ஆட்டம் இருக்கக் கூடாது. த்ரஸ்ட் பேரிங் ஆக்சிலுக்கு கீழ்ப்பக்கம், அதோட மூடின பக்கம் மேல பார்த்து, தண்ணி இறங்காம. க்ரீஸ் அடிக்கும்போது முன் பக்கத்தை தூக்கியே அடிங்க, எடை மேல இருந்தா பேரிங்குக்குள்ள க்ரீஸ் போகாது.

பின்பக்கம் தாழ்ந்தோ உயர்ந்தோ போனா கேஸ்டர் (கிங் பின்னோட மேல்முனை பின்னாடி சாய்ஞ்சிருக்கற கோணம்) மாறிடும், இதை யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல. பின்னாடி உயர்ந்தா கேஸ்டர் குறையும், வண்டி நேர் ரோட்டுலயே அலைபாயும். சரி பண்ண ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி இருக்கற ஷிம் போடணும். ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேல உட்கார்ந்திருக்கற வண்டியில ஷிம்மோட தடிமனான பக்கம் பின்னாடி பார்த்து இருந்தா கேஸ்டர் கூடும். திருப்பிப் போட்டா இருக்கறதும் போயிடும். ரெண்டு பக்கமும் ஒரே டிகிரி ஷிம்தான் போடணும். டோ-இன் (முன் டயர்களோட முன்பக்கம் உள்பக்கமா சேர்ந்திருக்கற அளவு) 1.5ல இருந்து 3 மி.மீ வெச்சுட்டு, பிறகு அலைன்மெண்ட் மெஷின்ல ஒரு தடவை பார்த்துக்கோங்க.

7. ஷாக் அப்சார்பர்

இதுல நீளம்தான் விஷயம். வண்டி நிக்கற உயரத்துல ஷாக்கோட ராடு ஏறக்குறைய நடுவுல இருக்கணும். தாழ்த்தின வண்டிக்கு பழைய நீளத்துல ஷாக் போட்டா பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேஸியில இடிக்காம தடுக்கற ரப்பர்) தொடறதுக்கு முன்னாடி ஷாக் அடியில முட்டி உடையும். ஆக்சில ஜாக்கியால மேல பம்ப் ஸ்டாப் தொடற வரைக்கும் தூக்கி ஒரு அளவு, தொங்க விட்டு ஒரு அளவு, ரெண்டையும் எழுதிட்டு ஷாக் வாங்குங்க.

8. முன் டிஸ்க் மாட்டறது

ஸ்பிண்டில (வீல் பேரிங் ஏறற அச்சு) சுத்தம் பண்ணி பேரிங் உட்கார்ற இடத்துல கோடு, நீல நிறம் ஏதாவது இருக்கான்னு பாருங்க, இருந்தா ஸ்பிண்டில மாத்துங்க. பேரிங்க்கு க்ரீஸ் உள்ளங்கையில வெச்சு உருளைகளுக்கு நடுவுல பிதுங்கி வர்ற வரைக்கும் அழுத்தி நிரப்பணும், மேலோட்டமா பூசினா பத்தாது. நட்டை ரோட்டர சுத்திக்கிட்டே இறுக்கி, தளர்த்தி, திரும்ப விரலால பிடிச்சு, ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேரா வர்ற அளவுக்கு தளர்த்தி பின் போடுங்க. கண்ணுக்குத் தெரியாத அளவு லேசான ஆட்டம் இருக்கணும், இறுக்கமா விட்டா சூடாகி எரிஞ்சுடும்.

இப்ப கேலிப்பர். ஒரு தடவை ஒரு நண்பரோட வண்டிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து சாயங்காலம் முழுக்க பிரேக் லைன்ல மாட்டின காத்தை வெளியேத்த ஏர் எடுத்தோம், ரெண்டு பாட்டில் ஃப்ளூயிட் தீர்ந்துச்சு, பெடல் பஞ்சு மாதிரியே இருந்துச்சு. கடைசியில டார்ச் அடிச்சு பார்த்தா ஏர் வெளியேத்தற ப்ளீட் நிப்பிள் கேலிப்பரோட அடிப்பக்கம் இருந்துச்சு. இடது கேலிப்பர் வலதுலயும் வலது இடதுலயும் மாட்டியிருக்கு, போல்ட் ஓட்டை எல்லாம் ரெண்டு பக்கமும் அச்சு அசலா பொருந்தும், அதனால தெரியவே இல்ல. ஏர் மேலதான் போய் நிக்கும், நிப்பிள் கீழ இருந்தா ஆயுசுக்கும் வெளிய வராது. கேலிப்பர் மாட்டின உடனே நிப்பிள் மேல இருக்கான்னு பார்த்துட்டு அடுத்த போல்ட்ட தொடுங்க.

ஹோஸ் மாட்டினதும் ஸ்டியரிங்க இடது கடைசி வரைக்கும் வலது கடைசி வரைக்கும் திருப்பி, ஆக்சில தொங்க விட்டும் மேல தூக்கியும் பாருங்க, ஹோஸ் எங்கயும் இழுபடவோ டயர்ல உரசவோ கூடாது. சஸ்பென்ஷன முதல்ல முடிக்கச் சொன்னதுக்கு இதுதான் முக்கியமான காரணம், உயரம் முடிவாகாம ஹோஸ் நீளம் முடிவாகாது.

9. பின் டிரம்

டிரம்ல அதிகபட்ச விட்டம் பொறிச்சிருந்தா அதைத் தாண்டியிருக்கான்னு அளங்க, தாண்டியிருந்தா தூக்கிப் போட்டுடுங்க. வீல் சிலிண்டர புதுசா போடுங்க. சர்வோ டைப் பிரேக்ல (ஒரு ஷூ இன்னொரு ஷூவ தள்ளி இறுக்கற வகை) லைனிங் குட்டையா இருக்கற ஷூ வண்டியோட முன்பக்கம், நீளமானது பின்பக்கம். மாத்தி மாட்டினா பிரேக் பிடிக்கும், ஆனா பாதிதான் பிடிக்கும். அட்ஜஸ்டர் ஸ்குரூவும் இடது வலது வேற வேற த்ரெட், கலந்துடக் கூடாது.

ஏர் எடுக்கறதுக்கு முன்னாடியே ஷூவ டிரம்ல லேசா உரசற அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணிடுங்க. பண்ணலைன்னா ஷூ ரொம்ப தூரம் நகர வேண்டியிருக்கும், பெடல் கீழ போகும், நீங்க அதை ஏர்னு நினைச்சு ராத்திரி முழுக்க மிதிப்பீங்க.

10. மாஸ்டர் சிலிண்டர்

மத்ததெல்லாம் விட இங்கதான் கவனம் வேணும். ஒத்தை சர்க்யூட்ல எங்க ஒரு ஹோஸ் வெடிச்சாலும் நாலு பிரேக்கும் ஒண்ணா போயிடும். டிஸ்க் போடலைன்னாலும் பரவாயில்ல, டூயல் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் போடாம விடாதீங்க. முன்னாடி போனா பின்னாடியாவது நிக்கும்.

போர் அளவு, அதாவது சிலிண்டரோட உள்விட்டம், எவ்வளவுங்கறதுல நிறைய பேர் தலைகீழா நினைக்கறாங்க. பெருசா இருந்தா பிரேக் பலமா பிடிக்கும்னு வாங்கறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. காலால 40 கிலோ மிதிக்கறீங்க, பெடல் விகிதம் 6க்கு 1, அப்போ புஷ் ராடுல 240 கிலோ. 1 இன்ச் போருக்கு பரப்பு சுமார் 5.07 சதுர செ.மீ, பிரஷர் சதுர செ.மீக்கு சுமார் 47 கிலோ வரும். அதே மிதிக்கு ஒண்ணே கால் இன்ச் எல்லாம் வேணாம், 1⅛ இன்ச் போட்டாலே பரப்பு 6.41, பிரஷர் 37 கிலோவா குறைஞ்சுடும். பெரிய போர்ல பெடல் கல்லு மாதிரி உசரத்துல நிக்கும், பார்க்க பிரமாதமா இருக்கும், வண்டி நிக்காது. டிஸ்க்குக்கு டிரம்மைவிட அதிக பிரஷர் வேணும், டிரம் ஷூ தன்னைத்தானே இழுத்து இறுக்கிக்கும், டிஸ்க் அப்படி செய்யாது. பூஸ்டர் இல்லாத செட்டப்புக்கு 1 இன்ச் போர், 6க்கு 1 பெடல்னு ஆரம்பிங்க. பூஸ்டர் போட்டா பெடல் விகிதம் 4க்கு 1 பக்கம் போதும், ஆனா இன்ஜின் நல்ல வாக்குவம் தரணும், வால்வ ரொம்ப நேரம் திறந்து வெக்கற பெரிய கேம் போட்ட இன்ஜின்ல அது வராது.

புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல 1.5 மி.மீ அளவு ஃப்ரீ ப்ளே விடுங்க. பெடல் உடனே பிடிக்கணும்னு ராட நீட்டி ஆட்டமே இல்லாம வெச்சா பிஸ்டன் முழுசா பின்னாடி வராது, ஃப்ளூயிட் டேங்குக்கு திரும்பற சின்ன ஓட்டை மூடியே இருக்கும். கிளம்பும்போது வண்டி நல்லாத்தான் ஓடும். கொஞ்ச தூரத்துல ஃப்ளூயிட் சூடாகி விரிய, போக இடமில்லாம பிரேக் தானா பிடிக்க ஆரம்பிக்கும், பெடல் ஒசந்துக்கிட்டே வரும், கடைசியில வீல் பிடிச்சு வண்டி நடு ரோட்டுல நின்னுடும். ஆறினதும் விட்டுடும், அதனால காரணம் பிடிபடாது.

மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளோருக்கு கீழயே இருந்தா அது கேலிப்பரைவிட தாழ்வா இருக்கும், ஃப்ளூயிட் திரும்பி வடிஞ்சுடும், முதல் மிதி வெறுமனே போகும். அதுக்கு டிஸ்க் லைன்ல 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வும் (லைன்ல கொஞ்சம் பிரஷர பிடிச்சு வெக்கற வால்வு) டிரம் லைன்ல 10 பிஎஸ்ஐ வால்வும் போடணும். ரெண்டையும் இடம் மாத்திட்டா டிஸ்க் எப்பவும் உரசிக்கிட்டே இருக்கும். டிரம்முக்குன்னு வந்த சில மாஸ்டர் சிலிண்டருக்குள்ளயே 10 பிஎஸ்ஐ வால்வு இருக்கும், அதை அப்படியே டிஸ்க்குக்கு குடுக்காதீங்க.

பின் லைன்ல அட்ஜஸ்ட் பண்ற மாதிரி, பின் பிரேக்குக்கு போற பிரஷர குறைக்கற ப்ரொபோர்ஷனிங் வால்வு ஒண்ணு வேணும். காலி பிக்கப்ல பின்பக்கம் எடையே இருக்காது, பலமா மிதிச்சா பின் வீல் முதல்ல லாக் ஆகி வண்டி சுத்திடும்.

11. லைனும் ஃப்ளூயிடும்

லைன் எல்லாத்தையும் புதுசா போடுங்க. ஸ்டீல் அல்லது காப்பர்-நிக்கல் டியூப், 3/16 இன்ச். ஏசிக்கு போடற வெறும் காப்பர் டியூப் கூடாது, கம்ப்ரஷன் ஃபிட்டிங்கும் கூடாது, டபுள் ஃப்ளேர் மட்டும்தான். டியூப்ப ஃப்ளேர் பண்றதுக்கு முன்னாடி நட்டை உள்ள போட்டுட்டீங்களான்னு பாருங்க, இது மறக்காத ஆளே கிடையாது. எக்ஸாஸ்ட் பக்கத்துல போகாம, சேஸியில அங்கங்க க்ளிப் போட்டு அசையாம பிடிங்க.

டாட் 3, டாட் 4 ரெண்டும் க்ளைக்கால் வகை, ஈரத்தை இழுக்கும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. டாட் 5 சிலிகான் வகை, பெயிண்ட அரிக்காது, ஆனா மத்ததோட கலக்கவே கூடாது. பேர் பார்த்து குழம்பிடாதீங்க, டாட் 5.1 திரும்ப க்ளைக்கால்தான்.

12. ஏர் எடுக்கறது

மாஸ்டர் சிலிண்டர வண்டியில மாட்டறதுக்கு முன்னாடி வைஸ்ல பிடிச்சு, ரெண்டு அவுட்லெட்டுக்கும் டியூப் போட்டு திரும்ப டேங்குக்குள்ளயே விட்டு, குமிழி நிக்கற வரைக்கும் மெதுவா அமுத்துங்க. அப்புறம் வண்டியில தூரமா இருக்கற வீல்ல ஆரம்பிச்சு கிட்ட வாங்க. டேங்க் காலியாகாம பக்கத்துல ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும். மிதிக்கறவர் தரை வரைக்கும் வேகமா மிதிக்க வேணாம், நிதானமா போதும்.

பெடல் பஞ்சா இருந்தா ஏர். மிதிச்சு பிடிச்சிருக்கும்போது மெதுவா இறங்கினா, வெளிய கசிவு இல்லைன்னா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள சீல் விடுது. ரெண்டு மூணு தடவை மிதிச்சா உசந்து வந்தா பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்.

13. ரோட்டுக்கு போறதுக்கு முன்னாடி

வண்டி ஸ்டாண்டுல இருக்கும்போதே ஒருத்தர் பலமா ஒரு நிமிஷம் மிதிச்சு பிடிக்கட்டும், நீங்க ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காஞ்ச பேப்பர் வெச்சு துடைச்சு பாருங்க. பிரேக் லைட் எரியுதான்னும் பாருங்க, பழைய பிரஷர் ஸ்விட்ச் புது செட்டப்ல ஒத்துழைக்காது, பெடல்ல மெக்கானிக்கல் ஸ்விட்ச் வைக்கறது நல்லது.

முதல் ஓட்டம் நடக்கற வேகத்துல, காலி இடத்துல. ஹேண்ட் பிரேக் வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச பிறகுதான். அப்புறம் 50ல இருந்து 10 கி.மீ வேகம் வரைக்கும் மிதமா பிடிச்சு, முழுசா நிறுத்தாம, ஒரு எட்டு பத்து தடவை பண்ணுங்க, நடுவுல ஆற விடுங்க, பேட் ரோட்டர்ல படிஞ்சு உட்காரும். அதுக்கப்புறம் காலி ரோட்டுல, காலி வண்டியில, ப்ரொபோர்ஷனிங் வால்வ கொஞ்சம் கொஞ்சமா திருப்பி முன் வீல் முதல்ல லாக் ஆகற மாதிரி செட் பண்ணுங்க.

முதல் 100 கி.மீ முடிஞ்சதும் யூ போல்ட், வீல் நட்டு, கேலிப்பர் பிராக்கெட் போல்ட், இதை எல்லாம் டார்க் ரெஞ்ச் வெச்சு திரும்ப பாருங்க. புது ஸ்பிரிங் பட்டைக்கு நடுவுல இருக்கற பெயிண்ட் நசுங்கி யூ போல்ட் கண்டிப்பா கொஞ்சம் தளர்ந்திருக்கும், எனக்கு கால் சுத்து வரைக்கும் வாங்கியிருக்கு. 500 கி.மீல இன்னொரு தடவை பார்த்துடுங்க.